கோமோ ஏரியில் அக்காவும் நானும்

இத்தாலி என்றதும் உங்களுக்கு ரோமாபுரியின் இடிந்த மண்டபங்களும் வெனிஸ் நகரத்துக் கால்வாய்களும் நினைவுக்கு வரும். சென்ற மே மாதம் வரையில் எனக்கும் அப்படித்தான். இப்போதோ யாராவது ‘இத்தாலி’ என்று வாயைத் திறந்தால் போதும், என் அக்காதான் கண் முன்னால் வந்து நிற்கிறாள். படகின் நட்ட நடுவில், ஜன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, “முருகா, முருகா” என்று முணுமுணுக்கும் அக்கா!

அக்காவும் நானும் சேர்ந்து பிரயாணம் போனோம் என்பதே எங்கள் உறவினர் வட்டாரத்தில் பெரிய செய்தி. உங்களிடம் ஒளிப்பானேன்? ஒன்பது வருஷமாக எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. அடியோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. கல்யாணம் காட்சி என்றால் “வா” என்பாள், “வந்தேன்” என்பேன். “காபி சாப்பிட்டியா?” “ஆச்சு.” அவ்வளவுதான். அடித்துக்கொள்ளும் சகோதரிகளையாவது பெரியவர்கள் தலையிட்டுச் சேர்த்து வைக்கலாம். இப்படி மரியாதையாகப் பேசிக்கொள்கிறவர்களை என்ன சொல்லிச் சேர்த்து வைப்பது?

காரணம் ஒரு புடவை. எங்கள் அம்மாவின் முகூர்த்தப் புடவை. எங்கள் சொந்த ஊர் காஞ்சிபுரம். அதனால் அந்தப் புடவை கடையில் வாங்கினது அல்ல, அம்மாவின் கல்யாணத்துக்கென்றே சொல்லித் தறியில் போட்டது. அரக்கு உடல், மயில் கழுத்துக் கரை, அசல் கோர்வை. அம்மா காலமான பிறகு அதைக் கேட்டேன். “பழைய பட்டு வாங்குறவனிடம் போட்டாச்சு” என்றாள் அக்கா. ஜரிகைக்காக உருக்குவதற்கு! அம்மாவின் கூறைப் புடவையை! எனக்கு வந்த கோபத்தை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் அக்கா மேல் கோபம் வந்திருக்கும்.

அக்காவின் பிள்ளை மிலான் நகரத்தில் உத்தியோகமாயிருக்கிறான். “சித்தி, அம்மா வர்றாங்க. எனக்கு லீவு கிடையாது. ஏரிப் பக்கம் அவங்களைத் தனியா அனுப்பப் பயமா இருக்கு. நீங்க துணைக்கு வரணும்” என்று பம்பாயிலிருந்த எனக்குத் தொலைபேசியில் கெஞ்சினான். பம்பாய் மும்பையாகி எத்தனையோ வருஷமாயிற்று, என் வாய்க்கு இன்னும் பழகவில்லை. பிள்ளை கேட்கிறானே என்று விசா வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பிறகல்லவா தெரிந்தது! அதே பையன் அக்காவிடம், “சித்தியைத் தனியா அனுப்ப முடியாதும்மா, நீதான் துணைக்குப் போகணும்” என்று சொல்லியிருக்கிறான்.

மிலான் மத்திய ஸ்டேஷனில் எங்களை ரயிலேற்றி, இடது பக்கத்து ஜன்னலில் உட்கார வைத்து, ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தான். எந்த ஊரில் இறங்குவது, எந்தப் படகில் ஏறுவது என்று தமிழிலேயே எழுதியிருந்தான். இடது பக்கம் என்பதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமான பிரயாணம்தான். லெக்கோ என்ற ஊரைத் தாண்டியதும் ரயில் ஏரிக் கரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஒரு சுரங்கம், ஒரு துண்டு நீலத் தண்ணீர், மறுபடி சுரங்கம், மறுபடி தண்ணீர். வலது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வெறும் பாறைதான்.

உண்டிவில்லுக்குக் கவட்டைக் குச்சி ஒடிப்போமே, அதைத் தலைகீழாகப் பிடித்தால் கோமோ ஏரியின் வடிவம். நீளம் 46 கிலோமீட்டர். இடது கிளையின் நுனியில் கோமோ நகரம், வலது கிளையின் நுனியில் லெக்கோ. இரண்டு கிளைகளும் கூடுமிடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஊர் பெல்லாஜியோ. அதற்கு எதிரே, கிழக்குக் கரையில் வரென்னா. மேற்குக் கரையில் மெனாஜ்ஜியோ, கதெனாபியா, த்ரெமெஸ்ஸோ. இந்த நடு ஏரியில்தான் படகுகள் இங்கும் அங்குமாக ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கின்றன. எங்கள் ஜாகை வரென்னாவில்.

வரென்னாவில் தெரு என்று சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் படிக்கட்டு. மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தச் சரிவில் காவியும் மஞ்சளும் செம்மண் நிறமுமாக வீடுகள் ஒன்றன் தோள் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. படகுத்துறையிலிருந்து ஊருக்குள் போகப் பாறையை ஒட்டி, தண்ணீருக்கு மேலேயே, கம்பிக் கைப்பிடி போட்ட நடைபாதை ஒன்று இருக்கிறது. அதற்குக் ‘காதலர் நடை’ என்று பெயர். அதில் அறுபத்தெட்டு வயது அக்காவும் அறுபத்தொரு வயது நானும், ஆளுக்கொரு பெட்டியை இழுத்துக்கொண்டு, பத்தடி இடைவெளி விட்டு, பேசாமல் போன காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் விடுதிக்கார அம்மாள் முதல் நாளே காற்றைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாள். காலையில் வடக்கேயிருந்து வீசுவது ‘திவானோ’. நடுப்பகலுக்குப் பிறகு தெற்கேயிருந்து வீசுவது ‘பிரேவா’. யந்திரப் படகுகள் வருவதற்கு முன்னால் பாய்மரக்காரர்கள் காலைக் காற்றில் தெற்கே போய், மாலைக் காற்றில் வீடு திரும்புவார்களாம். துறையில் ஒரு பழைய மாதிரிப் படகும் கட்டியிருந்தது. மேலே மூன்று மர வளையங்கள், நம் கூண்டு வண்டி மாதிரி. அதற்கு ‘லூசியா’ என்று பெயர். அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி என்பவர் 1827-ல் வெளியிட்ட நாவலின் கதாநாயகி லூசியா, இப்படிப்பட்ட படகில்தான் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுத் தப்பிப் போகிறாள். இத்தாலியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்த நாவலைப் படித்தாக வேண்டுமாம். கதாநாயகியின் பெயரைப் படகுக்கு வைத்துவிட்டார்கள்.

மறு நாள் காலை படகுத்துறைக்குப் போனதும் அக்கா நின்றுவிட்டாள்.

“எவ்வளவு ஆழம்?”

பையன் காகிதத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். நானூறு மீட்டருக்கும் அதிகம். எங்கள் ஊர் ஏகாம்பரநாதர் கோவில் ராஜகோபுரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஆறு தடவை அடுக்கினாலும் கலசம் வெளியே தெரியாது. ஆதி காலத்தில் பனிப்பாறைகள் நகர்ந்து குடைந்த பள்ளம். ஏரியின் மேல்மட்டம் கடல் மட்டத்தை விட இருநூறு மீட்டர் உயரம். அடிமட்டமோ கடல் மட்டத்துக்கும் கீழே!

“நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்” என்றாள். ‘நீங்க’ போட்டாள் பாருங்கள், அவ்வளவு தூரத்துக்கு வந்திருந்தது எங்கள் உறவு.

அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர் பாலாற்றில் நாங்கள் கண்டதெல்லாம் மணல். ஊற்றுத் தோண்டி, அதில் செம்பை முக்கினால், அதுதான் எங்களுக்கு ஆறு. முழங்காலளவு தண்ணீர் ஓடினால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும்.

அந்தச் சமயத்தில் கார்களை ஏற்றிப்போகும் பெரிய படகு வந்து வாயைத் திறந்தது. எட்டுக் கார்கள், ஒரு பால் லாரி, மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இறங்கின. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். “லாரியையே தாங்குது. என்னைத் தாங்காதா?” என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் ஏறிவிட்டாள்.

ஆகவே, தண்ணீருக்குப் பயந்தவர்கள் உங்கள் கூட வந்தால் முதலில் கார்ப் படகில் ஏற்றுங்கள். அதற்கு அடுத்தது ‘பத்தெல்லோ’ என்கிற சாதாரணப் பயணிப் படகு. நம் டவுன் பஸ் மாதிரி இந்தக் கரை, அந்தக் கரை என்று ஒவ்வொரு ஊராகத் தொட்டுக்கொண்டு போகும். ஊர்களைப் பார்க்க அதுதான் சிறந்தது. மூன்றாவது, தண்ணீரை உதைத்துக்கொண்டு பறக்கும் விரைவுப் படகு. அதற்குக் கட்டணம் அதிகம், கண்ணாடிக்கு உள்ளேதான் உட்கார வேண்டும். நடு ஏரியில் நாள் முழுவதும் ஏறி இறங்க ஒரே சீட்டு கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். உருண்டைக் கல் பாவிய படிகளில் செருப்பு உதவாது. புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஜோடு மாட்டிக்கொண்டு நடந்தோம்; ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொன்று: காபிக் கடையில் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. சாப்பாட்டு விடுதியில் மேஜைக்கென்று தலைக்கு ஒரு தொகை தனியாகப் போடுகிறார்கள். பில்லைப் பார்த்த அக்கா, “உட்கார்ந்ததுக்கா?” என்று கேட்டாள். ஒன்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்காகக் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

வரென்னாவிலிருந்து பெல்லாஜியோவுக்குக் கால் மணி நேரம். எல்லாப் படங்களிலும் வருகிற ஊர் அது. மேலே ஏறும் படிக்கட்டுத் தெரு, இரண்டு பக்கமும் பட்டுக் கழுத்துக்குட்டை விற்கும் கடைகள், கூட்டம். அழகுதான், ஆனால் முகூர்த்த நாளில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் நிற்பது போலத்தான் இருந்தது. எனக்கு வரென்னாவே போதும்.

அதைவிட எங்கள் மனத்தில் பதிந்தது த்ரெமெஸ்ஸோவில் உள்ள ‘வில்லா கார்லோட்டா’. படகு அந்த மாளிகையின் வாசலிலேயே நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. 1843-ல் பிரஷ்ய ராஜ குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சீமாட்டி இதை வாங்கி, பின்னால் மகள் ஷார்லட்டுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தாள். ‘கார்லோட்டா’ என்பது அந்தப் பெண்ணின் பெயர்தான். கல்யாணம் 1850-ல். 1855-ல் பிரசவத்தில் அந்தப் பெண் போய்விட்டாள், வயது இருபத்துமூன்று. தோட்டத்தில் அசேலியாச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் மாதிரி வளர்ந்து, இலையே தெரியாமல் சிவப்பும் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்துத் தள்ளியிருந்தன. மே முதல் வாரம் தாண்டினால் இந்தப் பூக்களெல்லாம் உதிர ஆரம்பித்துவிடும் என்றார்கள். அக்கா ரொம்ப நேரம் அந்த இடத்திலேயே நின்றாள்.

“கொடுத்த சீரை அனுபவிக்கப் பெண் இல்லை. அந்தத் தாய் அப்புறம் இந்த வீட்டுக்கு வந்திருப்பாளா?” என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாளா, செடியைப் பார்த்தா, தெரியவில்லை.

அன்று மத்தியானம் மெனாஜ்ஜியோவில் ஒரு வேடிக்கை. கரையோரச் சாப்பாட்டு விடுதிக்குள் நுழைந்ததும் அக்கா மூக்கை உறிஞ்சினாள். “ஏண்டி, கருவாடு!” என்றாள். ‘ஏண்டி’ என்றதை நான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை. கருவாடேதான்! இந்த ஏரியில் கிடைக்கும் ‘அகோனே’ என்ற மீனை உப்பிட்டு, வெயிலில் காய வைத்து, தகரப் பாத்திரத்தில் நறுமண இலைகளோடு அடுக்கி, மேலே பாரம் வைத்து அழுத்தி விடுகிறார்கள். ‘மிஸ்ஸொல்தீனி’ என்று பெயர். அதைச் சுட்டு, வினிகர் தெளித்து, சோள மாவுக் களியோடு பரிமாறினார்கள். களியும் கருவாடும்! இதற்கா விமானம் ஏறி வந்தோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா மட்டும் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, “ஒரு கத்திரிக்காயும் கொஞ்சம் புளியும் இருந்தா…” என்று பெருமூச்சு விட்டாள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

மூன்றாவது நாள் காலையிலும் பெல்லாஜியோவுக்குப் போயிருந்தோம். வரென்னாவுக்குத் திரும்ப வேண்டும். துறையில் ஒரு பத்தெல்லோ வந்து நின்றது. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, “இதுதான், ஏறு” என்றேன். “பலகையைப் படிச்சியா?” என்றாள் அக்கா. “மூணு நாளா இதே வேலை, எனக்குத் தெரியாதா?” என்றேன். படகு கிளம்பி, இடது பக்கம் திரும்பியது. வரென்னா வலது பக்கம்.

சீட்டுப் பரிசோதிக்க வந்த பையன் எங்கள் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினான். “கோமோ, சிஞோரா, கோமோ” என்றான். கோமோ நகரத்துக்குப் போகிற படகு. கடைசி வரை போனால் இரண்டு மணி நேரம்.

“சின்ன வயசிலேர்ந்தே நீ இப்படித்தான். தெரியலேன்னு ஒத்துக்கவே மாட்டே” என்றாள் அக்கா.

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆங்காரம்! “நானாவது படகைத்தான் மாத்தி ஏறினேன். உன்னை மாதிரி அம்மா புடவையை ஜரிகைக்காரனுக்குத் தூக்கிப் போடலை” என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தது. நடு ஏரியில், ஜெர்மானியக் கிழவர்கள் சுற்றிலும் வேடிக்கை பார்க்க, வெளியே வந்து விழுந்தது.

அக்கா பதில் சொல்லவில்லை. படகு மறு கரைக்குப் போய் லென்னோ என்ற ஊரைத் தொட்டது. அதன் ஓரத்தில் தண்ணீருக்குள் நீண்டிருக்கும் குன்றின் மேல் ‘பல்பியனெல்லோ’ என்ற மாளிகை. அதில் கடைசியாகக் குடியிருந்தவர் 1973-ல் முதல் இத்தாலியக் குழுவை எவரெஸ்டுக்கு அழைத்துப் போன குய்தோ மொன்சீனோ என்று ஒலிபெருக்கியோ, பக்கத்து ஆசாமியின் வழிகாட்டிப் புத்தகமோ சொல்லியது. அப்புறம் ஏரிக்குள் இருக்கும் ஒரே தீவு, கொமாசீனா. 1169-ல் கோமோ நகரத்தார் படையெடுத்து வந்து அதை அடியோடு எரித்துவிட்டார்களாம். பங்காளிச் சண்டை. நான் தீவையே முறைத்துக்கொண்டிருந்தேன். படகோ இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக, அவசரமே இல்லாமல், போய்க்கொண்டிருந்தது. இறங்கி ஓடவும் வழியில்லை.

நெஸ்ஸோ என்ற ஊர் வந்தது. மலை பிளந்து, அந்தப் பிளவில் அருவி விழுந்து, அதன் வாயில் ஒரு பழைய கல் பாலம் வளைந்து நிற்கிறது. எல்லாரும் அந்தப் பக்கம் எழுந்து ஓடினார்கள். படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது போல எனக்கே தோன்றியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொள்ளக் கூட இல்லை.

“அம்மா படுக்கையிலே விழுந்து நாலு வருஷம்டி” என்று ஆரம்பித்தாள். “படுக்கைப் புண்ணு வராம புரட்டிப் போடணும். கரைச்சு ஊட்டணும். ராத்திரி மூணு தடவை எழுந்திரிக்கணும். பீரோவைத் திறந்து பட்டுக்கு மடிப்பு மாத்தணும்னு எனக்கு எங்கே ஞாபகம் இருந்தது? காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் உனக்குக் கொடுக்கணும்னுதான் எடுத்தேன். பிரிச்சேன். மடிச்ச இடமெல்லாம் வாழை நார் மாதிரி கிழிஞ்சு கிழிஞ்சு கையோட வந்தது. ஜரிகைதான் முழுசா இருந்தது.”

“அதை என்கிட்டே சொல்லியிருக்கலாமே, அக்கா?”

“சொல்லியிருந்தா என்ன கேட்டிருப்பே? ‘ஒரு புடவையைக் கூடப் பார்த்துக்க முடியலையா?’ன்னு கேட்டிருப்பே. அந்தப் பேச்சை என்னாலே தாங்கியிருக்க முடியாது. வித்துத் தின்னுட்டேன்னு நீ நினைச்சா நினைச்சுக்கோன்னு விட்டுட்டேன்.”

நான் கேட்டிருப்பேன். சந்தேகமே இல்லை, அதே வார்த்தைகளைத்தான் கேட்டிருப்பேன். அந்த நாலு வருஷத்தில் வருஷத்துக்கு ஒரு தரம் பம்பாயிலிருந்து வருவேன், பத்து நாள் இருப்பேன், பாதாம், பிஸ்தா என்று வாங்கி வந்து கொடுப்பேன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவேன், போய்விடுவேன். அந்தப் பீரோ அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. சாவி அதன் மேலேயே தொங்கும். நானும் திறந்து பார்த்ததில்லை.

விற்ற பணத்தை என்ன செய்தாள் என்று ஒன்பது வருஷமாய் எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று கேட்கத் தோன்றவில்லை. கைக்குட்டையை எடுத்து ஆளுக்கொரு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எதிரே உட்கார்ந்திருந்த ஜெர்மானிய மூதாட்டி எழுந்து வந்து இரண்டு பேருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

கோமோவில் இறங்கும்போது மணி ஒன்று. விரைவுப் படகு மாலையில்தான். என்ன செய்வது என்று காகிதத்தைப் பார்த்தால், பையன் அடியில், ‘நேரம் இருந்தால் கோமோ பட்டு மியூசியம்’ என்று எழுதியிருந்தான். மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டா பிறந்த ஊர் இது. ஏரிக்கரையிலேயே அவருக்கு ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடந்தோம். காஞ்சிபுரத்துப் பெண்களுக்குப் பட்டு முக்கியமா, மின்கலம் முக்கியமா?

சகோதரிகளே, உலகத்தில் எங்கே போனாலும் பட்டின் கதை பெண்களின் கதைதான் போலிருக்கிறது. இந்த வட இத்தாலியக் கிராமங்களில் பட்டுப்பூச்சி முட்டைகளைப் பொரிக்க வைக்க, சிறு துணிப் பையில் போட்டு, பெண்கள் மார்போடு அணைத்து வைத்துக்கொள்வார்களாம், உடம்புச் சூடு வேண்டும் என்பதற்காக. பிறகு நூற்பாலைகள் வந்தன. பத்து, பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தைகள் நாள் முழுவதும் வெந்நீர்த் தொட்டியில் கைவிட்டு, கூட்டிலிருந்து நூல் முனையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு கூட்டில் ஒரே இழையாக ஆயிரம் மீட்டர் வரை நூல் இருக்கும். கை வெந்து போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் பூச்சிகளுக்கு நோய் கண்டு தொழிலே படுத்துவிட்டது. முட்டை வாங்க ஜப்பான் வரை வியாபாரிகள் போனார்கள். 1868-ல் பட்டுத் தொழிலுக்கென்றே இங்கே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இங்கே பூச்சி வளர்ப்பது அநேகமாக நின்றுவிட்டது. இன்றைக்குக் கச்சா நூல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. நெய்வதும், சாயம் ஏற்றுவதும், பூப்போடுவதும்தான் கோமோவின் கைத்திறன்.

“நமக்குக் கர்நாடகத்திலேர்ந்து நூலும் சூரத்திலேர்ந்து ஜரிகையும் வர்ற மாதிரி” என்றாள் அக்கா.

ஒரு தறிக்குப் பக்கத்தில் நூல் கட்டை ஒன்றை எடுத்துக் காட்டி, “நவெத்தா” என்றாள் அங்கிருந்த பெண்மணி. எனக்குப் புரியவில்லை. கைபேசியில் கேட்டேன்: சின்னக் கப்பல் என்று பொருள் சொல்லியது. அக்காவுக்குக் கைபேசி தேவைப்படவில்லை. “ஓடம்! நம்ம ஊர்லயும் தறியிலே இதுக்கு ஓடம்னுதானே பேரு!” என்று அந்த அம்மாளின் கையிலிருந்து வாங்கி, விரலால் தடவிப் பார்த்தாள்.

கிளம்பும்போது கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணியிடம் நான் ஒன்று கேட்டேன். பழைய பட்டைக் கிழியாமல் எப்படி வைப்பது? மடிக்கவே கூடாதாம். உருளை மேல் சுற்றி, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டுமாம். இங்கே அப்படித்தான் வைக்கிறார்களாம். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“எட்டு முழக் கட்டையை எந்தப் பீரோவிலேடி வைக்கறது?” என்றாள்.

திரும்பும்போது விரைவுப் படகில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நெஸ்ஸோ வந்தபோது, “இப்போ பார், அருவி” என்று என் முழங்கையில் இடித்தாள். காலையில் இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை அல்லவா?

கடைசி நாளன்று முன்பகலில் ‘வில்லா மொனாஸ்தேரோ’வின் தோட்டத்தைச் சுற்றினோம். ஒரு காலத்தில் கன்னிகாஸ்திரீகள் மடம். 1953 முதல் இங்கே பௌதிக விஞ்ஞானிகளின் கோடைப் பள்ளி நடக்கிறது. அணு விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மி 1954-ல் இங்கே வந்து பாடம் நடத்தினார். அந்த வருஷமே காலமாகிவிட்டார். சிக்காகோவில் அவரோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர் நம் சென்னைப் பிரசிடென்ஸி கல்லூரியில் படித்த சந்திரசேகர். பள்ளிக்கு இப்போது ஃபெர்மியின் பெயரே. இப்படி எலுமிச்சையும் ரோஜாவும் ஏரியுமாக இருந்தால் யாருக்குப் பாடம் ஏறும் என்பது அக்காவின் சந்தேகம்.

அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் தெற்கே நடந்தால் ஓர் ஆறு இருக்கிறது என்றாள் விடுதிக்கார அம்மாள். ஆறு என்றால் நீளம் 250 மீட்டர்தான். மலைப் பாறைக்குள்ளிருந்து பீறிட்டு, நுரைத்துக்கொண்டு, மடமடவென்று இறங்கி ஏரியில் விழுந்துவிடுகிறது. வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலம் வரைதான் ஓடும். குளிர் காலத்தில் வற்றிப்போகும். லியனார்டோ டா வின்சி கூடத் தம் குறிப்புகளில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘ஃபியூமெலாத்தே’ என்று பெயர். அர்த்தம் கேட்டதும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஃபியூமே என்றால் ஆறு. லாத்தே என்றால் பால்.

“பாலாறுடி!” என்றாள்.

வெள்ளை வெளேரென்று, காய்ச்சின பால் பொங்குகிற மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது. “நம்மது முந்நூறு கிலோமீட்டருக்கு மேலே நீளம். தண்ணிதான் இல்லே” என்று சொல்லிக்கொண்டே, கல்லுக்குக் கல் கால் வைத்து இறங்கி, குனிந்து, ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். அப்புறம் காலித் தண்ணீர் பாட்டிலை நீட்டச் சொன்னாள். நான் அவள் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், நழுவி விழுந்துவிடப் போகிறாளே என்று.

அந்த பாட்டில் இப்போது காஞ்சிபுரத்தில் அக்காவின் பூஜை அலமாரியில், கங்கைச் சொம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். சென்ற வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“உன் பட்டுக்கெல்லாம் மடிப்பு மாத்தினியா?”

“இன்னும் இல்லே, அக்கா.”

“கை வைக்காதே. பதினஞ்சாம் தேதி நான் வர்றேன்” என்றாள். டிக்கெட் எடுத்தாயிற்றாம்.